சர்க்கரை பணக்கார வியாதி என்று யார் சொன்னது?



2023 ஜூன் மாதத்தில் ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின் முடிவுகள் வெளியாகின. 2008 முதல் 2020 வரை, மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 31 இடங்களில் 1,13,043 பேரைப் பரிசோதித்து எடுத்த கணக்கு அது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. 26.4 சதவீதத்தோடு கோவா முதலிடம். அடுத்த இடம் நம் புதுச்சேரிக்கு: 26.3 சதவீதம். அதாவது இங்கே 20 வயதைத் தாண்டியவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. பக்கத்திலேயே இருக்கும் தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம்.

இதற்கு ஊரில் சொல்லப்படும் காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பிரியாணி, பரோட்டா, பேக்கரி, வண்டியிலேயே போய் வண்டியிலேயே வருவது, உடம்பு வணங்காத வேலை. சொகுசு வாழ்க்கைக்குக் கொடுக்கிற விலை என்கிறார்கள். முகாம்களில் மாட்டும் தட்டிகளிலும் தொப்பை வைத்த ஒரு மனிதர்தான் படமாக இருக்கிறார்.

தேங்காய்த்திட்டிலும் சுற்றுப்பட்டுப் பகுதிகளிலும் வேலை செய்கிற எனக்கு அந்தத் தொப்பைக்காரரை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. நான் பார்ப்பது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், விடியற்காலை நாலரை மணிக்கே துடைப்பத்தோடு கிளம்பிவிடும் அக்கா. நாற்பது, நாற்பத்தைந்து கிலோ உடம்பு. கன்னம் ஒட்டிப்போயிருக்கும். அப்படி ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “நான் என்னத்த தின்னேன் தம்பி, எனக்குப் போய் சுகர் வர்றதுக்கு?”

இந்தக் கேள்வியைப் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவ அறிவியல் பல பத்தாண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்குக் கிடைத்திருக்கும் பதில் பாதிதான், அந்தப் பாதியும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: தலைமுறை தலைமுறையாகப் பட்டினி கிடந்த உடம்புக்கும் சர்க்கரை வரும், அப்படி வருவதை மருத்துவம் நீண்ட காலம் பார்க்க மறுத்தது. இன்றைக்கும் அதை எண்ணிப் பார்க்க யாரும் அவசரப்படவில்லை. எண்ண வைக்கிற வேலை நம்முடையது.

உயிரணுவுக்குள் நடப்பது

முதலில் அடிப்படை. நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதில் பீட்டா செல்கள் என்ற சிறு கூட்டம், சர்க்கரை ஏறுவதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைச் செல்லின் மேல் வந்து ஒட்டியதும், செல்லுக்குள் காத்திருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேலே வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் தசை.

இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் கெட்டுப்போகலாம். இன்சுலின் போதுமான அளவு சுரந்தும் செல்கள் அதற்குக் காது கொடுக்காமல் இருக்கலாம். தொப்பைக்காரர் படம் போட்டு விளக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். அல்லது, பீட்டா செல்களே குறைவாக இருந்து இன்சுலின் போதாமல் போகலாம். பீட்டா செல்கள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளிலும்தான் பெருகுகின்றன. அந்தக் காலத்தில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை உடம்பு ஆயுள் முழுக்கச் சுமக்கிறது.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் 6 கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தையின் எடையோ சுமார் 3.5 கிலோ. ஆனால் எல்லாமே ஒரே அளவில் குறைந்திருக்கவில்லை. தசையும் வயிற்று உறுப்புகளும் நிறையக் குறைந்திருந்தன, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. வயிற்றுக்குள் சாப்பாடு போதாதபோது கரு மூளையைக் காப்பாற்றிக்கொள்கிறது, தசையையும் கணையத்தையும் விட்டுக்கொடுக்கிறது என்பது அறிவியலாளர்கள் தரும் விளக்கம். பின்னாளில் வரும் சர்க்கரையைப் போட்டு வைக்க அந்த உடம்பில் தசை குறைவு, அதைச் சமாளிக்க பீட்டா செல்லும் குறைவு.

இது நம் நாட்டு உடம்புக்கு மட்டும் உள்ள விசித்திரமும் இல்லை. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவு வழியை அடைத்ததால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை அவர்களுக்கு 50 வயது ஆனபோது பரிசோதித்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. வெள்ளைக்காரத் தாய்மார்கள் சில மாதம் பட்டினி கிடந்ததற்கே இந்த விளைவு. நம் பாட்டிமார்கள் கிடந்த பட்டினியை மாதக் கணக்கில் அளக்க முடியுமா? நிலம் இல்லாதவன் சாப்பாடு, அறுவடை முடிந்தபின் சிந்திய நெல், பண்ணையார் வீட்டில் மிஞ்சிய பழைய சோறு. எந்தச் சாதிக்கு என்ன உணவு என்று இந்தச் சமூகம் விதித்து வைத்தது. அந்த விதி நம் உயிரணுக்கள் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை மரபணுக் குறை என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். சமூகம் செய்ததை இரத்தத்தின் மேல் பழிபோடும் பழைய வேலைதான் அது.

பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட நோய்

ஒல்லியான, ஏழையான, பட்டினி கண்ட உடம்பில் வரும் சர்க்கரை நோய் வேறு மாதிரி இருக்கிறது என்று 1955-லேயே ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் எழுதினார். ஜமைக்கா எந்த ஊர்? ஆப்பிரிக்கர்களை அடிமையாகக் கொண்டுபோய்க் கரும்பு வெட்டவிட்ட தீவு. அடிமை முறை ஒழிந்தபின் அந்த வேலைக்கு ஆள் தேடி வந்தவர்கள் நம் ஊருக்கும் வந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து குவாதலூப், மார்த்தினிக், ரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களில் நம் சனங்கள் எத்தனையோ பேர். உலகத்துக்குச் சர்க்கரை செய்து கொடுத்த கைகளும் சோற்றுக்கு வழியில்லாத வயிறும் ஒரே ஆளுடையவை.

1985-ல் உலக சுகாதார நிறுவனம் இதை ‘ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு’ என்று தனி வகையாக ஏற்றுக்கொண்டது. 1999-ல் போதிய சான்று இல்லை என்று சொல்லிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோயாளிகள் அப்படியே இருந்தார்கள், நோயின் பெயர் மட்டும் போய்விட்டது. பெயர் இல்லாவிட்டால் ஆய்வுக்குப் பணம் வராது, பாடப் புத்தகத்தில் இடம் கிடைக்காது, எந்த மருந்து எவ்வளவு என்ற வழிகாட்டுதலும் இருக்காது. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதை மறுபடி மேலே கொண்டுவந்தது நமக்குப் பக்கத்து ஊர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் நிகால் தாமஸும், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து, எடை மிகக் குறைந்த சர்க்கரை நோயாளிகளை நுணுக்கமாகப் பரிசோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களின் செல்கள் இன்சுலினுக்குக் காது கொடுக்கின்றன, இன்சுலின்தான் போதவில்லை என்பது அதில் தெளிவானது. முதல் வகையிலும் இவர்களைச் சேர்க்க முடியாது, இரண்டாம் வகையிலும் சேர்க்க முடியாது. 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்று அங்கீகரித்தது. உலகில் 2 கோடி முதல் 2.5 கோடி பேர் வரை இப்படி இருக்கலாம், பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் என்பது மதிப்பீடு. இதைத் தனி வகை என்று சொல்லலாமா என்ற வாதம் மருத்துவர்களிடையே இன்னும் நடக்கிறது. நடக்கட்டும், அறிவியல் அப்படித்தான் நகரும். ஆனால் 1955-ல் தொடங்கிய விஷயம் 2025-ல் இந்த இடத்துக்கு வர 70 ஆண்டு ஆனதற்குக் காரணம் அறிவியலின் கடினம் மட்டும்தானா? பணக்கார நாட்டில் இத்தனை கோடிப் பேருக்கு இப்படி ஒரு நோய் இருந்திருந்தால் 70 ஆண்டு ஆகியிருக்குமா?

வகை மாறினால் என்ன, எல்லாம் சுகர்தானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. இப்படிப்பட்ட ஒல்லியான இளைஞரை முதல் வகை நோயாளி என்று எண்ணி இன்சுலினைக் கூட்டிக் கொடுத்தால், சாப்பாடு நிச்சயமில்லாத வீட்டில் அது உயிரையே எடுத்துவிடும்.

சீட்டில் எழுதுவதும் வீட்டில் இருப்பதும்

எந்த வகையாக இருந்தாலும் சர்க்கரையோடு வாழ்வது தினசரி வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்யப் பணமும் நேரமும் மரியாதையும் வேண்டும். மருத்துவர் சொல்லும் ஆலோசனையை நம் தெருவில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

“மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.” கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு சுமை தூக்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். அந்த நேரத்தில் மேஸ்திரி சொல்வது என்ன? “காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டான்.” நோயாளிக்கு உடனே ஒரு ஸ்பூன் சர்க்கரை வாயில் போட வேண்டிய நேரத்தில் வசைதான் கிடைக்கிறது. லோ சுகர் அறிகுறிகளை வேலைத்தளங்களில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

“தண்ணீர் நிறையக் குடியுங்கள்.” இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். அடிக்கடி சிறுநீர் வரும். தெரு பெருக்கும் பெண்கள் அந்த நேரத்தில் எங்கே போவார்கள்? நகரமே எழுவதற்கு முன்னால் வேலைக்கு வந்து, நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், வருவதை அடக்கிக்கொள்கிறார்கள். சர்க்கரை இருக்கும் உடம்பில் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்துகொள்ள இது நேர்வழி.

“சோற்றைக் குறைத்துப் புரதம் சேருங்கள்.” இந்தியர்களின் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இதே இன்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது. ஏழை வீட்டில் சோறுதான் மலிவு, வயிறு நிறைவதும் அதில்தான். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் பணம் என்ற சோதனை சண்டிகரோடு புதுச்சேரியிலும் தொடங்கியது. அதன்பின் அரிசியா பணமா என்று ஆண்டுக்கணக்கில் ஆட்சியாளர்கள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை பருப்புக்கும் முட்டைக்கும் வந்து சேரவே இல்லை. நமக்கு எட்டிய விலையில் இருந்த புரதம் மாட்டுக்கறி, கருவாடு, நெத்திலி, மத்தி. அதைத் தின்றதற்காகத்தான் நம்மைக் கேவலப்படுத்தினார்கள், இன்று மாட்டுக்கறிக்காக ஆளையே அடித்துக் கொல்கிறார்கள். ஒரு பக்கம் புரதம் சாப்பிடு என்பது, மறுபக்கம் இருக்கும் புரதத்தைப் பிடுங்குவது.

“மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பாருங்கள்.” நல்ல சோதனைதான். ஆனால் இரத்தசோகை இருந்தால் அந்த எண் தப்பாக வரக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சோதனைச் சீட்டைப் பார்க்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வெளுத்துப்போன கண் இமையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

“காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.” சர்க்கரை முற்றினால் பாத நரம்பு மரத்துப்போகும், ஆணி குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிய பிறகுதான் தெரியவரும். இங்கே ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோடு வேலை செய்தார். அவர்களின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுப் போகின்றன என்று கண்டுபிடித்தார். வேலூரிலும் கரிகிரியிலும் அவர்களுக்காக உருவான மெத்தென்ற ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பு. ஊரே தொட மறுத்த மனிதர்களின் பாதத்திலிருந்து கிடைத்த அறிவு இன்று எத்தனையோ பேரின் காலைக் காப்பாற்றுகிறது. அந்தச் செருப்பு குப்பை வண்டியின் பின்னால் நடக்கும் நம் ஆட்களின் காலுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

கணக்கில் நாம் எங்கே?

இன்டியாப் குழு 2017-ல் 15 மாநிலங்களின் முடிவை வெளியிட்டபோது ஒரு முக்கியமான செய்தி அதில் இருந்தது. சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகியவற்றின் நகரங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம். சண்டிகர் நகரத்தில் வசதி குறைந்தவர்களில் 26.9 சதவீதம், வசதி உள்ளவர்களில் 12.9 சதவீதம். பணக்கார வியாதி என்ற பேச்சு அன்றே முடிந்திருக்க வேண்டும்.

வசதியைக் கணக்கெடுத்தார்கள், நகரம்-கிராமம் என்று பிரித்தார்கள். ஊரெல்லாம் பேசப்பட்ட அந்த முடிவுகளில் சாதி வாரிக் கணக்கு மட்டும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் 15.7 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அந்த 26.3 சதவீதத்தில் நம் தெருக்களின் பங்கு என்ன? கால் எடுக்கப்பட்டவர்களில், டயாலிசிஸில் இருப்பவர்களில், 60 வயதைத் தொடாமலே போனவர்களில் நம்மவர் எத்தனை பேர்?

ஆய்வுக்கு நம் உடம்பு வேண்டாம் என்று யாரும் இருந்ததும் இல்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். பலர் பழங்குடி விடுதிப் பிள்ளைகள். பல இடங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்துப் போட்டார். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி போடக் கையை நீட்டச் சொல்லும்போது நம்மைத் தெரிகிறது. முடிவை எழுதும்போது தெரிவதில்லை. இதனால் ஆய்வையே வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசியும் இன்சுலினும் நமக்குத்தான் அதிகம் தேவை. சம்மதமும் கணக்கும் பலனும் சேர்ந்து வர வேண்டும் என்கிறேன்.

நம் வேலை

ஒன்று, புதுச்சேரி அரசு நடத்தும் ஒவ்வொரு சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பிலும் சாதி, தொழில், பிறந்தபோது இருந்த எடை (அட்டை இருந்தால்) சேர்க்கப்பட வேண்டும். இரண்டு, எடை மிகக் குறைந்த நோயாளிகளைத் தனியாகப் பதிவு செய்து, அவர்களின் இன்சுலின் சுரப்பை அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். மூன்று, தூய்மைப் பணியாளர்களுக்குக் கழிப்பறையும், காலைச் சாப்பாடும், எம்.சி.ஆர். செருப்பும் ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். நான்கு, ரேஷனில் அரிசியோடு பருப்பும், அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குத் தினம் முட்டையும். நாற்பது ஆண்டு கழித்து வரப்போகும் நோய்க்கு இன்றே போடும் மருந்து அந்த முட்டைதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16 சுற்றிலிருந்து இரத்தச் சர்க்கரையை அளக்கிறது, சாதிப் பிரிவையும் பதிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க லேப் தேவையில்லை, புள்ளியியல் தெரிந்த இரண்டு பேரும் ஒரு கணினியும் போதும். சமூகவியல், புள்ளியியல், நர்சிங், மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து உட்காருங்கள். நம்மைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை நம்மில் ஒருவர் எழுதட்டும்.

பாபாசாகேப் அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். அரசமைப்புச் சட்ட வரைவு வேலை உச்சத்தில் இருந்த 1948-ல் அவருக்கு உடல்நிலை மோசமாக இருந்தது. கால் வலியோடும் மங்கும் பார்வையோடும் கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார். 1956 டிசம்பர் 6-ல் மறைந்தபோது வயது 65. அவர் மணந்துகொண்ட சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். பக்கத்திலேயே மருத்துவர் இருந்தும் அவர் பட்ட பாடு அவ்வளவு. தேங்காய்த்திட்டில் துடைப்பத்தோடு நிற்கும் அக்காவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது நம்மிடம் பதில் இருக்கிறது. தின்றதால் வந்தது என்று அவரைக் குற்றவாளியாக்குவதை முதலில் நாம் நிறுத்துவோம். பிறகு அரசிடம் கணக்குக் கேட்போம்.

ஜெய் பீம்.